குண்டுமல்லி வளர்ப்பு

குண்டுமல்லி (தாவரவியல் பெயர்: ஜாஸ்மினம் சாம்பாக்) என்பது ஒலியேசியே குடும்பத்தைச் சேர்ந்த, நறுமணமுள்ள வெண்ணிறப் பூக்களைத் தரும் புதர்ச்செடி ஆகும். தமிழகத்தில் மல்லிகை, மல்லி, மதுரை மல்லி எனவும் இது அழைக்கப்படுகிறது. வீட்டுத் தோட்டம், தொட்டி, வயல் ஆகிய மூன்றிலும் இது வளர்க்கப்படுகிறது. பங்குனி மாதத்தில் பூக்கத் தொடங்கி, இளவேனிற் காலமாகிய சித்திரை, வைகாசி மாதங்களில் இச்செடி மிகுதியாகப் பூக்கிறது.

குண்டுமல்லியின் இளவேனிற் பூப்பு பெரும்பாலும் அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர், கார்த்திகை மாதத்தில் செய்யப்படும் கவாத்தைப் பொறுத்தே அமைகிறது. செடி தழைத்திருந்தும் பூக்கவில்லை என்னும் குறை வீட்டுத் தோட்டங்களில் பரவலாக உள்ளது. கவாத்து செய்யாமை அல்லது காலந்தவறிச் செய்தல் இக்குறைக்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகும். இக்கட்டுரை திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலையை ஒட்டி அமைந்துள்ள ஆலங்காயம் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு குண்டுமல்லியின் வளர்ப்பு முறையையும் பராமரிப்பையும் விளக்குகிறது.

பெயர்

தாவரவியல் பெயரிலுள்ள 'சாம்பாக்' என்னும் சொல் அரபு மொழியின் 'சன்பக்' என்னும் சொல்லிலிருந்து வந்தது. சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் லின்னேயசு 1753இல் இச்செடியை 'இரவுப் பூ' எனப் பொருள்படும் நிக்டாந்தசு என்னும் பேரினத்தில் சேர்த்தார். பவளமல்லி இன்றும் அந்தப் பேரினத்தில்தான் உள்ளது. 1789இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் ஐட்டன் குண்டுமல்லியை ஜாஸ்மினம் பேரினத்திற்கு மாற்றினார்.

பேச்சு வழக்கில் மல்லிகை என்பது சில வேளைகளில் முல்லை, பிச்சி (சாதிமல்லி) ஆகியவற்றையும் சேர்த்துக் குறிக்கும். இவை மூன்றும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவையாயினும் வெவ்வேறு இனங்கள் ஆகும். முல்லையின் தாவரவியல் பெயர் ஜாஸ்மினம் ஆரிகுலேட்டம். பிச்சியின் தாவரவியல் பெயர் ஜாஸ்மினம் கிராண்டிபுளோரம். மூன்றுக்கும் கவாத்துக் காலம் வேறுபடுவதால், வீட்டில் இருப்பது எந்தச் செடி என்பதை முதலில் அறிந்துகொள்வது இன்றியமையாதது.

செடியின் தோற்றம்

குண்டுமல்லி 1 முதல் 3 மீட்டர் வரை உயரம் வளரக்கூடிய, என்றும் பசுமையான செடியாகும். இலைகள் தனியிலைகள், முட்டை வடிவானவை, கணுவிற்கு இரண்டாக எதிரெதிரே அல்லது மூன்றாக அமைந்திருக்கும். முல்லை, பிச்சி ஆகியவற்றின் இலைகள் சிற்றிலைகளாகப் பிரிந்திருப்பதால், இலையைக் கொண்டே குண்டுமல்லியை எளிதில் வேறுபடுத்தி அறியலாம்.

பூக்கள் கிளைகளின் நுனியில் கொத்தாகத் தோன்றுகின்றன. ஒரு கொத்தில் பொதுவாக 3 முதல் 12 வரையிலான மொட்டுகள் காணப்படும். மொட்டுகள் மாலையில் விரியத் தொடங்கி இரவில் மணம் பரப்புகின்றன. இச்செடியில் காய்கள் தோன்றுவது அரிது. ஆகையால் தண்டுத் துண்டுகளாலும் பதியன்களாலுமே இனப்பெருக்கம் செய்யப்படுகிறது.

ஒற்றையடுக்கு இதழ்களைக் கொண்ட வகைகளும் பல அடுக்கு இதழ்களைக் கொண்ட வகைகளும் உள்ளன. இராமநாதபுரம் குண்டுமல்லி, இருவாட்சி, மதன்பாண், கத்தூரி மல்லி, ஊசிமல்லி, அடுக்கு மல்லி ஆகியவை அறியப்பட்ட வகைகளாகும். இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடம் மல்லிகை நாற்று உற்பத்திக்குப் பெயர்பெற்ற ஊராகும். அங்கிருந்து பல மாவட்டங்களுக்கு நாற்றுகள் அனுப்பப்படுகின்றன.

பூக்கும் முறை

குண்டுமல்லி புதிதாகத் தோன்றும் தளிர்க்கிளைகளின் நுனியிலேயே மொட்டு வைக்கிறது. முதிர்ந்து தடித்த கிளையில் நேரடியாக மொட்டு தோன்றுவதில்லை. அதிலிருந்து பக்கக் கிளை தோன்றி, அக்கிளையின் நுனியில்தான் மொட்டு வரும். எனவே புதிய கிளைகளின் எண்ணிக்கை மிகுந்தால் பூக்களும் மிகும்.

வெட்டப்படாத செடியில் கிளைநுனியிலுள்ள வளர்மொட்டு கீழ்க்கணுக்களிலுள்ள மொட்டுகள் முளைப்பதைத் தடுக்கிறது. இதற்கு நுனி ஆதிக்கம் என்று பெயர். கிளையின் நுனி நீக்கப்பட்டதும் இத்தடை நீங்கி, வெட்டுக்குக் கீழுள்ள கணுக்களிலிருந்து இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் தோன்றுகின்றன. கவாத்துக்குப் பின் பூக்கள் பெருகுவதன் காரணம் இதுவேயாகும்.

வெப்பநிலை இரண்டாவது காரணியாகும். குளிர் மிகுந்த மாதங்களில் குண்டுமல்லியின் வளர்ச்சி மந்தமடைந்து பூப்பு வெகுவாகக் குறைகிறது. மார்கழி, தை மாதங்களில் சந்தைக்கு வரத்து குறைந்து மல்லிகையின் விலை உயர்வதும் பொங்கலை ஒட்டிக் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டுவதும் இதனாலேயே. குளிர்காலம் எப்படியும் பூ குறைந்த காலம் என்பதால், அதன் தொடக்கத்தில் செடியை வெட்டுவதால் ஏற்படும் இழப்பு சிறிது. வெப்பம் உயரும் மாசி, பங்குனியில் புதிய கிளைகள் மொட்டு வைக்க ஆயத்தமாக இருக்கும்.

ஆலங்காயம் பகுதியின் சூழல்

ஆலங்காயம் வாணியம்பாடி வட்டத்திலுள்ள ஒரு பேரூராட்சியாகும். முன்னர் வேலூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2019 நவம்பரில் திருப்பத்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டபோது அதில் சேர்க்கப்பட்டது. ஊரை அடுத்துள்ள ஜவ்வாது மலையில், ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் காவலூர் அமைந்துள்ளது. அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986இல் பயன்பாட்டிற்கு வந்தது.

காவலூரில் வானியல் ஆய்வுக்கு ஏற்ற மேகமற்ற இரவுகள் பெரும்பாலும் சனவரி முதல் ஏப்ரல் வரை அமைகின்றன. இம்மாதங்களே குண்டுமல்லி புதுக்கிளை விட்டு மொட்டு வைக்கும் மாதங்களுமாகும். தெளிந்த வானத்தினால் பகலில் நல்ல வெயில் கிடைக்கிறது. அதே வேளையில், மேகமற்ற இரவுகளில் தரை விரைவில் வெப்பத்தை இழப்பதால் சனவரி மாத இரவுகள், குறிப்பாக மலைமேல், குளிர்ந்திருக்கின்றன. இதனால் மலைமேலுள்ள ஊர்களில் முதற்பூ அடிவாரத்தைவிடத் தாமதமாக வருவது இயல்பு.

இப்பகுதி தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக்காற்றுகளாலும் மழை பெறுகிறது. ஆகத்து முதல் நவம்பர் வரை மழை மிகுந்த காலமாகும். ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் கடுமையாக இருக்கும். ஆகவே இங்கு மல்லிகை வளர்ப்போர் மழைக்காலத்தில் தேங்கும் நீரையும் கோடையில் நீர்ப் பற்றாக்குறையையும் ஒரே ஆண்டில் எதிர்கொள்ள வேண்டியுள்ளது.

மண்ணும் நடவும்

நன்கு வடியும் செம்மண் கலந்த வண்டல் மண் குண்டுமல்லிக்கு மிகவும் ஏற்றது. களிமண் நிலத்திலும் நீர் தேங்கும் பள்ளத்திலும் வேர் அழுகல் ஏற்படும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் செடி இரும்புச் சத்தை எடுத்துக்கொள்ள இயலாமல் இலைகள் மஞ்சளாகும்.

நாள் முழுதும் வெயில் படும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிழலில் வளரும் செடி நீண்டு படர்ந்து இலைகளை மட்டும் தரும். வீட்டின் மதில் ஓரத்தில் நடும்போது, குளிர்காலத்தில் சூரியன் தென்புறமாகச் சாய்ந்து செல்வதைக் கருத்திற்கொண்டு, மதிலின் நிழல் விழாத பக்கத்தில் நடுவது நன்று.

சூன் முதல் நவம்பர் வரை நடவுக்கு ஏற்ற காலமாகும். 30 செ.மீ. நீளம், அகலம், ஆழமுள்ள குழியில் 10 கிலோ மட்கிய தொழுவுரத்தை மேல்மண்ணுடன் கலந்து இட்டு, நன்கு வேர்விட்ட பதியன் அல்லது நாற்றை நட வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளை நட்டால் செடிக்குச் செடி 1.25 மீட்டர் இடைவெளி தேவை. பூச்செடியாக அது அன்று சிறிதாகத் தோன்றினாலும், இரண்டாம் ஆண்டில் புதர் அந்த இடத்தை நிரப்பிவிடும்.

தொட்டியில் வளர்ப்பதாயின் குறைந்தது 30 முதல் 40 செ.மீ. விட்டமுள்ள, அடியில் வடிகால் துளையுடைய தொட்டி வேண்டும். செம்மண், மணல், தொழுவுரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்பலாம். மாடியில் வைக்கும் தொட்டியைத் தளத்தின் மீது நேரடியாக வைக்காமல் செங்கல் மேல் வைத்தால் நீர் தடையின்றி வடியும். கோடையில் தளத்தின் சூடும் வேரை எளிதில் தாக்காது.

வீட்டிலுள்ள ஒரு செடியிலிருந்து புதிய செடி உண்டாக்கப் பதியமிடல் எளிய முறையாகும். தரையை ஒட்டிய முதிர்ந்த கிளையின் ஒரு கணுவிற்கருகே சிறு வெட்டு இட்டு, அப்பகுதியை மண்ணில் 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் புதைத்து, கிளைநுனி வெளியே தெரியும்படி விட வேண்டும். மழைக்காலத்தில் இவ்வாறு செய்தால் ஏறத்தாழ மூன்று முதல் நான்கு மாதங்களில் வேர் பிடிக்கும். பின்னர் தாய்ச்செடியிலிருந்து வெட்டிப் பிரித்து நடலாம்.

கவாத்து

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி மல்லிகை இனங்களின் கவாத்துக் காலமும் தரையிலிருந்து வெட்ட வேண்டிய உயரமும் பின்வருமாறு:

குண்டுமல்லி: நவம்பர் கடைசி வாரம், 50 செ.மீ.
பிச்சி: திசம்பர் கடைசி வாரம், 75 செ.மீ.
முல்லை: சனவரி கடைசி வாரம், 45 செ.மீ.

தமிழ் மாதக் கணக்கில் இவை முறையே கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வருகின்றன. மூன்று செடிகளும் உள்ள வீட்டில் அனைத்தையும் ஒரே நாளில் வெட்டுவது தவறாகும்.

கவாத்துக்குச் சில நாட்களுக்கு முன்னரே நீர் விடுவதை நிறுத்த வேண்டும். கூர்மையான கவாத்துக் கத்தரியால், வெளிப்புறம் நோக்கிய கணுவிற்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். காய்ந்த கிளைகள், நோயுற்ற கிளைகள், ஒன்றோடொன்று உரசும் கிளைகள், புதரின் நடுவே உட்புறமாக வளரும் மெல்லிய கிளைகள் ஆகியவற்றை அடியோடு நீக்க வேண்டும். வெட்டியபின் எஞ்சியுள்ள இலைகளையும் உருவிவிடுவது வழக்கம். வெட்டிய கழிவுகளைச் செடியடியில் விடாமல் அகற்ற வேண்டும். அவற்றில் பூச்சிகளும் பூசண வித்துகளும் தங்கியிருக்கும்.

ஆலங்காயம் பகுதியில் நவம்பர் இறுதியில் மழை தொடரக்கூடும். ஈரமான நாளில் வெட்டினால் வெட்டுவாயில் பூசணம் பற்றி, கிளை நுனியிலிருந்து கருகி வரும். ஆகவே மழை ஓய்ந்து வெயில் அடிக்கும் நாள்வரை ஓரிரு வாரம் காத்திருப்பதில் தவறில்லை. தடித்த கிளைகளின் வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு பசையைத் தடவலாம்.

நன்கு தழைத்து நிற்கும் செடியை முழங்கால் உயரத்திற்கு வெட்டப் பலருக்கு மனம் வருவதில்லை. ஒருசில மொட்டுகள் எஞ்சியிருக்கும்போது வெட்டுவது மேலும் கடினமாகும். எனவே நுனிகளை மட்டும் கிள்ளிவிட்டு நிறுத்திவிடுகின்றனர். ஆண்டுதோறும் இவ்வாறு செய்தால் புதர் உயர்ந்து, அடிப்பகுதி வெறுந்தண்டாகி, பூக்கள் எட்டாத உயரத்தில் சிலவாக மட்டும் தோன்றும். நலமான வேருள்ள செடி வெட்டிய சில வாரங்களில் மீண்டும் துளிர்க்கும். நன்கு பராமரிக்கப்படும் குண்டுமல்லி பத்து ஆண்டுகளுக்கு மேலும் பயன் தரக்கூடியது.

கார்த்திகையில் கவாத்து செய்யத் தவறியவர்கள் மாசி, பங்குனியில் செடியை ஆழமாக வெட்டுதல் கூடாது. அப்போது வெட்டினால் மொட்டு வைக்க இருந்த கிளைகளே நீங்கி அவ்வாண்டின் இளவேனிற் பூப்பு பெருமளவு இழக்கப்படும். காய்ந்த குச்சிகளை மட்டும் நீக்கிவிட்டு, முதற்பூப்பு முடிந்தபின் பூத்த நுனிகளை இரண்டு மூன்று கணுக்களுடன் கத்தரித்துவிடலாம். முழுக் கவாத்தை அடுத்த கார்த்திகைக்குத் தள்ளிவைப்பதே முறையாகும்.

உரமும் நீரும்

பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி வளர்ந்த ஒரு செடிக்கு ஆண்டுக்கு 10 கிலோ தொழுவுரமும், 60 கிராம் தழைச்சத்தும், 120 கிராம் மணிச்சத்தும், 120 கிராம் சாம்பல்சத்தும் தேவை. இவ்வளவுகள் சத்தின் எடையே அன்றி உரத்தின் எடை அன்று. உரமாகக் கணக்கிட்டால் இது ஏறத்தாழ 130 கிராம் யூரியா, 750 கிராம் சூப்பர் பாசுபேட், 200 கிராம் மூரியேட் ஆப் பொட்டாசு ஆகும். இதனை இரண்டாகப் பிரித்து, கவாத்து முடிந்தவுடன் ஒரு பாதியும் சூன், சூலையில் மறுபாதியும் இட வேண்டும். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாகப் பள்ளம் பறித்து, உரத்தை இட்டு மண்ணால் மூடி நீர் விட வேண்டும். தொட்டிச் செடிகளுக்கு இவ்வளவு இரசாயன உரம் கேடு விளைவிக்கும். மட்கிய தொழுவுரமும் சிறிது வேப்பம் பிண்ணாக்கும் போதுமானவை. தழைச்சத்து மட்டும் மிகுதியாக இட்டால் இலைகள் பெருத்துப் பூ குறையும்.

தரையில் நட்ட செடிக்கு வாரம் ஒருமுறை நீர் பாய்ச்சுவது பொதுவான அளவாகும். மொட்டு வைக்கும் காலத்தில் மண் முற்றிலும் காய்ந்தால் மொட்டுகள் சிறுத்து உதிரும். கோடையில் தொட்டிகளுக்கு நாள்தோறும் நீர் தேவைப்படலாம். மழைக்காலத்தில் பாத்தியின் ஒரு பக்கத்தை வெட்டிவிட்டு நீர் வடிய வழி செய்ய வேண்டும்.

உப்பு மிகுந்த நீரில் மல்லிகையின் இலை ஓரங்கள் கருகும். வாணியம்பாடியை உள்ளடக்கிய பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் தொழிற்கழிவுகளால் நிலத்தடி நீர் மாசடைந்தது தொடர்பாக இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பு வழங்கியது. இப்படுகையில் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் நீரின் உப்புத்தன்மையைப் பரிசோதித்தபின் நடவு செய்வது நல்லது. மழைநீரைச் சேமித்துத் தொட்டிச் செடிகளுக்குப் பயன்படுத்தலாம்.

பூச்சிகளும் நோய்களும்

மொட்டுப்புழு: இப்புழு மொட்டைத் துளைத்து உள்ளிதழ்களை உண்கிறது. அருகருகே உள்ள மொட்டுகளை நூலாம்படையால் பிணைத்துவிடும்.

மொட்டு ஈ: இதன் சிறு புழுக்கள் மொட்டின் அடிப்பகுதியில் தங்கி உண்பதால், மொட்டு அடியில் வீங்கி ஊதா நிறமாகி உதிர்கிறது. புழுக்கள் மண்ணில் கூட்டுப்புழுவாகும். ஆகவே உதிர்ந்த மொட்டுகளை நாள்தோறும் பெருக்கி அழிப்பதும் செடியடி மண்ணைக் கொத்திவிடுவதும் பயனளிக்கும்.

செஞ்சிலந்தி: வெப்பமும் வறட்சியும் மிகுந்த காலத்தில் இலையின் அடிப்புறத்தில் பெருகுகிறது. இலைகள் வெளிறிப் புள்ளி புள்ளியாகத் தோன்றும். ஒரு லிட்டர் நீருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் கலந்து தெளிக்கலாம்.

வேர் அழுகல்: கீழிலைகள் முதலில் மஞ்சளாகிச் செடி வாடும். தண்டின் அடியில் வெண்ணிறப் பூசண இழைகளும் கடுகு போன்ற உருண்டைகளும் காணப்படும். ஒரு லிட்டர் நீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து செடியைச் சுற்றி ஊற்ற வேண்டும். வடிகால் சீர் செய்யப்படாவிடில் நோய் மீண்டும் வரும்.

இரும்புச் சத்துக் குறைபாடு: இது நோயன்று. இளம் இலைகளில் நரம்புகள் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருக்கும். ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி கலந்து இலை பச்சையாகும்வரை மாதம் ஒருமுறை தெளிக்கலாம். கீழிலை மஞ்சளாவதையும் இளம் இலை மஞ்சளாவதையும் பிரித்தறிந்தால் தேவையற்ற மருந்தைத் தவிர்க்கலாம்.

மல்லிகை தலையில் சூடவும் வழிபாட்டிற்கும் பயன்படும் பூவாதலால், வீட்டுச் செடிகளுக்கு நச்சுப் பூச்சிக்கொல்லிகளைத் தவிர்ப்பதே நன்று. 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம்.

பெரும்பொழுது வாரியான பணிகள்

கார் (ஆவணி, புரட்டாசி): புதிய நடவு, பதியமிடல், களையெடுத்தல், வடிகால் அமைத்தல்.

கூதிர் (ஐப்பசி, கார்த்திகை): ஐப்பசியில் தேங்கும் நீரை வடித்தல்; கார்த்திகையில் நீரை நிறுத்திக் கவாத்து செய்தல், முதற்பாதி உரமிடுதல்.

முன்பனி (மார்கழி, தை): துளிர்க்கும் காலம். மிதமான நீர் போதும். புதிய துளிர்களைப் பூச்சிகளிலிருந்து காத்தல்.

பின்பனி (மாசி, பங்குனி): மொட்டு வைக்கும் காலம். நீர் தவறாமல் விடுதல், மொட்டுப்புழுவைக் கண்காணித்தல். கத்தரியைத் தொடாதிருத்தல்.

இளவேனில் (சித்திரை, வைகாசி): முழுப் பூப்பு. நாள்தோறும் பறித்தல், செடியடியில் காய்ந்த இலைகளால் மூடாக்கு இடுதல், செஞ்சிலந்தியைக் கவனித்தல்.

முதுவேனில் (ஆனி, ஆடி): பூத்த நுனிகளைக் கத்தரித்தல், இரண்டாம் பாதி உரமிடுதல்.

பூப் பறித்தல்

நட்ட ஆறாம் மாதத்திலிருந்து செடி பூக்கத் தொடங்கும். மிகுதியான பூக்கள் இரண்டாம் ஆண்டு முதல் கிடைக்கும். முழுமையாக வளர்ந்து வெளுத்த, ஆனால் விரியாத மொட்டுகளை அதிகாலையில் பறிக்க வேண்டும். இம்மொட்டுகள் அன்று மாலை விரியும். பச்சை நிறம் மாறாத இளமொட்டைப் பறித்தால் அது சரிவர விரியாது, மணமும் குறைந்திருக்கும். வெயில் ஏறியபின் பறித்தால் மொட்டுகள் விரைவில் வாடும். சந்தைக்குப் பயிரிடும் குடும்பங்கள் பூக்காலத்தில் விடியலுக்கு முன்னரே பறிக்கத் தொடங்குவது இதனாலாகும். ஒருநாள் பறிக்கத் தவறினால் அன்றைய மொட்டு செடியிலேயே விரிந்து விலையை இழந்துவிடும்.

பயன்களும் சிறப்பும்

குண்டுமல்லி சரமாகத் தொடுத்துச் சூடவும் மாலை கட்டவும் வழிபாட்டிற்கும் பயன்படுகிறது. பூவிலிருந்து நறுமணப் பொருள்கள் பிரித்தெடுக்கப்படுகின்றன. சீனாவில் தேயிலைக்கு மணமூட்ட இப்பூ பயன்படுத்தப்படுகிறது. பிலிப்பீன்சு நாட்டில் சம்பகீத்தா என அழைக்கப்படும் இப்பூ 1934இல் அந்நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. இந்தோனேசியாவின் தேசிய மலர்களுள் ஒன்றாகவும் இது விளங்குகிறது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.